சந்தைக்குப் புதுமுகம்

நகரசபை அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மடல். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் செருகப்படும் எட்டுப் பக்கச் செய்தி மடலை அவள்தான் எழுதினாள், அதனால் வந்த பெயர். ‘மடல் வந்தாச்சா?’ என்று யாராவது கேட்டால், கேட்பது தாளையா ஆளையா என்று சில சமயம் அவளுக்கே விளங்காது.

ஒன்பது வருஷமாக அந்த எட்டுப் பக்கங்களில் கெட்ட செய்தி என்று ஒன்று வந்ததே இல்லை. ஊரில் நடக்காமல் இல்லை, நடந்ததையெல்லாம் அவள் பூசி மெழுகினாள். நூலகத்தை வாரத்தில் மூன்று நாள் பூட்டியபோது ‘நூலகம் இனி நான்கு நாட்களும் உங்களுக்காக’ என்று எழுதினாள். பூங்காவில் ஆறு மரங்களை வெட்டித் தள்ளியபோது ‘பூங்காவுக்குக் கூடுதல் வெளிச்சம்’. எழுதும்போது அவளுக்குக் கை நடுங்கியது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ரசித்துத்தான் எழுதினாள்.

எல்லாவற்றிலும் பெரிய கைங்கரியம் ‘புதுப்பிப்பு’. இடிப்பு என்ற சொல்லைக் கண்டாலே ஜனங்கள் மனுவும் கையுமாக வந்துவிடுகிறார்கள் என்று அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாளில், அவள் எடுத்துக் கொடுத்த சொல் அது. அலுவலகமே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பெஞ்சுக்கு வர்ணம் அடித்தாலும் புதுப்பிப்பு, கட்டடத்தைத் தரைமட்டமாக்கினாலும் புதுப்பிப்பு. நாளடைவில் பொறியாளர்கள் கோப்பிலேயே அப்படித்தான் எழுதினார்கள்.

இந்த மடலை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரி வரைக்கும் ஓர் எழுத்து விடாமல் படிக்கிற ஆள் ஊரில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளுடைய அக்கா. நகரசபைச் சந்தையில் பதினான்காம் எண் கடை அக்காவுடையது. இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு மேஜை, ஆள் நின்று திரும்பினால் முழங்கை இடிக்கும் அளவுக்கு இடம். அந்தக் கடையை வைத்துத்தான் அக்கா தங்கையைப் படிக்க வைத்தாள், தன் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். மடல் வந்த அன்று மெஷினை நிறுத்திவிட்டு, செருப்புத் தைக்கிறவரையும் கண்ணாடிக்கடைக்காரரையும் கூப்பிட்டு வைத்துச் சத்தமாகப் படிப்பாள். “இது என் தங்கச்சி எழுதினது” என்று பக்கத்துக்கு ஒரு தடவை சொல்லாவிட்டால் அவளுக்குத் திருப்தி வராது.

ஒரு நாள் அதிகாரி ஒரு குறிப்பைக் கொண்டு வந்து மடலின் மேஜையில் வைத்தார். ‘சந்தைப் புதுப்பிப்பு. பொதுமக்கள் கருத்துக் கேட்பு.’ கீழே தேதியும் நேரமும்.

“இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கூட்டம் போட்டு ஆள் சேரலம்மா. இருபத்தஞ்சு பேராவது வந்து கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். மூணாவது தடவையும் சேரலைன்னா திட்டத்தையே மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க. ஆளும் வரணும், சண்டையும் வரக்கூடாது. உனக்குச் சொல்லித் தரணுமா?”

“என்ன புதுப்பிப்பு சார்?” என்று கேட்டாள்.

“வழக்கமான புதுப்பிப்புதான்.”

அந்தச் சொல்லைப் பெற்றவள் அவள். அதற்கு என்னென்ன அர்த்தம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? குறிப்போடு ஒரு வரைபடம் இணைக்கப்பட்டிருந்தது, பிரித்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் சந்தைக் கூரை இரண்டு வருஷமாக ஒழுகுகிறது, அக்கா அதைச் சொல்லாத நாள் இல்லை. கூரையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது அன்றைக்கு அவளுக்கு வசதியாக இருந்தது.

நிகழ்ச்சிகள் பக்கத்தில், மலர்க் கண்காட்சிக்கும் சிறுவர் ஓவியப் போட்டிக்கும் நடுவே கட்டம் கட்டிப் போட்டாள்: ‘சந்தைக்குப் புதுமுகம். வாருங்கள், பேசலாம். தேநீர் உண்டு.’ ஆட்சேபம் இருந்தால் அந்தக் கூட்டத்திலேயே சொல்லியாக வேண்டும் என்ற சட்ட வாசகத்தைக் கட்டத்தின் அடியில் எறும்பெழுத்தில் சேர்த்தாள். அதுவும் வழக்கம்தான்.

கூட்டத்தன்று படம் எடுக்கக் கேமராவோடு போனாள். மண்டபத்தில் நாற்காலிகள் நூறு, ஆட்கள் பதினைந்து. அதில் பாதிப் பேர் தேநீருக்கு வந்தவர்கள். அதிகாரி கைக்கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா வந்தாள். தனியாக வரவில்லை. தங்கச்சி கூப்பிட்ட கூட்டம் காலியாகக் கிடக்கக்கூடாது என்று, பதினொரு கடைக்காரர்களை வியாபார நேரத்தில் கடையைச் சாத்த வைத்துக் கையோடு கூட்டி வந்திருந்தாள். இஸ்திரி போட்ட நல்ல உடுப்பு, முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் இருந்த பதிவேட்டில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கையெழுத்துப் போட வைத்தாள். இருபத்தேழு. அதிகாரிக்குப் போன உயிர் வந்தது.

திரையில் முதல் படம் விழுந்தது. கண்ணாடிக் கட்டடம், கார் நிறுத்துமிடம், மரக்கன்றுகள். சந்தை இருந்த இடத்தில் சந்தையைத் தவிர எல்லாம் இருந்தது. அடுத்த படம் அந்த வரைபடம். அக்காவின் கடை வரிசை முழுவதும் சிவப்புக் கோடு போட்டு, ஓரத்தில் ‘மனை காலி செய்யப்படும்’ என்று பொடி எழுத்தில் இருந்தது. மடல் கேமராவில் அதைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தாள்.

“எங்க கடையெல்லாம் எந்தப் பக்கம் வருது சார்?” என்று செருப்புத் தைக்கிறவர் கேட்டார்.

“எல்லாருடைய நலனும் பரிசீலனையில இருக்கு. யாருக்காவது வேற ஏதாவது சொல்லணுமா?”

இதுதான் ஆட்சேபம் சொல்ல வேண்டிய இடம். மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதிகாரியும் மடலும். அக்கா மூன்றாவது நாற்காலியில் இருந்தாள், நாலடி தூரம். ‘எழுந்திரு அக்கா, வேண்டாம்னு சொல்லு’ என்று ஒரு வாய்ச்சொல் போதும். சொன்னால் வேலை போகும். ஒன்பது வருஷ வேலை, வீட்டுக்கு வாடகை, மகளுக்குப் பள்ளிக்கூடம். மடல் கேமராவைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அக்கா எழுந்தாள். “நல்லது செய்யறீங்க. கூரை ஒழுகி ஒழுகித் துணியெல்லாம் நாசம். சீக்கிரமா செஞ்சு குடுங்க” என்றாள். பதினொரு பேரும் கை தட்டினார்கள். மடல் அதையும் படம் எடுத்தாள்.

மூன்று வாரத்தில் கடைக் கதவுகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். அறுபது நாளில் காலி செய்ய வேண்டும். மாற்று இடம் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்கா அதைக் கிழிக்காமல் பதமாக உரித்து எடுத்துக்கொண்டு நகரசபையின் மூன்றாம் மாடிக்கு, தங்கையின் மேஜைக்கு வந்தாள். அவள் அந்த அலுவலகத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

“இது தப்பா ஒட்டிட்டாங்க போலிருக்கு. நம்ம கூட்டத்துல கூரைன்னுதானே பேசினோம். ஒரு மனு எழுதிக் குடு. நீ எழுதினா எடுபடும்.”

“இனிமே மனு குடுக்க முடியாதுக்கா. அன்னைக்குக் கூட்டத்துலயே சொல்லியிருக்கணும்.”

“யாரு சொன்னா அப்படி?”

“கீழ சின்னதாப் போட்டிருந்தேன்.”

 எறும்பெழுத்தையும் அக்கா படித்திருப்பாள். தேநீர் தருகிற இடத்தில் ஆட்சேபம் எதற்கு என்று தாண்டிப் போயிருப்பாள். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று தலை தூக்க முடியாத அளவுக்கு வேலை வந்திருந்தது.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அந்தப் படம் போட்டப்பத்தான். சத்தியமா அதுக்கு முன்னாடி தெரியாதுக்கா.”

“படம் போட்டப்புறம்தானே நான் எழுந்து பேசினேன்?”

மடல் மேஜைமேல் இருந்த கேமராவை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

“நாங்க யாருமே வராம இருந்திருந்தா?”

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்குச் சொன்னவள்தான். அன்று வாயில் வரவில்லை. “கூட்டம் செல்லாமப் போயிருக்கும். திட்டத்தையே விட்டிருப்பாங்க” என்றாள்.

அக்கா பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், உட்காரவில்லை. அறிவிப்பை நான்காக மடித்தாள், மறுபடி பிரித்தாள். கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று மடலுக்கு இருந்தது. அக்கா திட்டவில்லை.

“பதினொரு பேரு. என் வார்த்தையை நம்பிக் கடையைச் சாத்திட்டு வந்தாங்க. கண்ணாடிக்காரர் வரமாட்டேன்னுதான் சொன்னாரு, நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். இப்ப எல்லாரும் கீழ நிக்கிறாங்க, நான் போய் விவரம் சொல்லணும்.”

மடல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “நீ இரு அக்கா. நானே இறங்கிப் போய் சொல்றேன். நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன்.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அறிவிப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

“வேணாம். நீ சொன்னா அவங்க மறுபடியும் கை தட்டிடுவாங்க.”