தலைவர் தண்ணீரானார்

உலகத் தத்துவ வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நிகழ்வொன்று சென்ற மாதம் கொக்குவிலில், எங்கள் வாசிகசாலையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நடந்தது.

பதினெட்டு வருடமாகத் தலைவராயிருக்கும் கதிரவேலு ஒவ்வொரு கூட்டத்திலும் "எனக்கு இனிப் பதவி வேண்டாம்" என்பார். சபை கெஞ்சும். மூன்றாம் கெஞ்சலில் மனமிரங்குவார். இந்த வருடமோ புதுக் கட்டடம் திறக்கிறார்கள். வாசற்கல்லில் தலைவர் பெயர் பொறிக்கப்படும். ஆகவே மறுப்பும் பெரிதாக இருக்க வேண்டுமென்று, சீனத்துத் தாவோ தத்துவப் புத்தகமொன்றைப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"தண்ணியைப் பாருங்கோ. அது பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். உண்மையான தலைவன் பதவிக் கதிரையும் தேடான், பேரும் தேடான்!" என்று அரை மணித்தியாலம் முழங்கினார்.

பின்வரிசையில் தயாளினி ரீச்சர் கண்ணைத் துடைத்தார்.

"அண்ணை சொல்லுறது முழு உண்மை," என்றார் செயலாளர் கோபிசங்கர். "இவ்வளவு காலமும் உங்களைக் கெஞ்சிக் கெஞ்சி நாங்கள் பாவம் செய்திட்டம்."

"இல்லைத் தம்பி, ஒருக்கால் கேட்டுப் பாக்கிறதிலை பிழையில்லை..."

"சீச்சீ! இனிக் கேக்கவே மாட்டம் அண்ணை."

வாசற்கல்லில் தயாளினி ரீச்சரின் பெயர் இருக்கிறது.