மனோலாக்கேவுக்காக ஒரு பட்டினி

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை பன்றிக் கொழுப்பில் பிறந்தது. ஈஸ்டருக்கு முந்திய, இறைச்சியும் கொழுப்பும் தொடக்கூடாத பெரிய நோன்பில் திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்டேன். "என் பங்குக்கும் சேத்து நீயே நோன்பு இருந்துடேன்" என்றேன் மனைவியிடம்.

"நான் என்ன நீங்க சந்தையில வாங்கின மாடா?"

உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

எங்கள் மால்தாவியா நாட்டு வயல்களில் பனி உருகத் தொடங்கிய அந்த

(வேண்டாம். பனியில் தொடங்கினால் சமையலறைக்கு வந்துசேர மாட்டேன்.)

ரோமா என்னும் நாடோடி இன மக்களை எங்கள் ஊரில் விலைக்கு வாங்கி விற்ற காலம். பண்ணையார் மனோலாக்கேவுக்கு நோன்பு முதல் நாளே கசந்துவிட்டது. அடிமைச் சமையல்காரி சம்ஃபிராவைக் கூப்பிட்டார்.

"நீ யாரோட சொத்து?"

"உங்க சொத்துதான், எசமான்."

"அப்போ உன் பசியும் என்னுதுதானே? எனக்காக நீ நோன்பு இரு. அந்த வாத்து வறுவல இப்படித் தள்ளு."

(இவ்வளவு முட்டாளாக ஒருவர் இருப்பாரா? ஆளையே வாங்கியவருக்குப் பசியை வாங்குவதா கஷ்டம்!)

3

நோன்பு இல்லாதவருக்கு ஈஸ்டரன்று நற்கருணை கிடையாது. ஊரே பார்த்துச் சிரிக்கும். அதனால் நோன்பின் கடைசி நாளில் விசாரிக்கப் பாதிரியார் நிக்கிஃபோர் வீட்டுக்கே வந்தார். முற்றத்தில் பண்ணையார் மகளின் சீதனம் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது: மெத்தைகள், செப்புக் குண்டான்கள், சம்ஃபிராவின் மகள் சாஃப்தா. பூட்டிய எருதுகளும் சீதனம்தான்.

"நோன்பு சுத்தமா முடிஞ்சுது சாமி. இவதான் எனக்காக இருந்தா" என்றார் மனோலாக்கே, மீசையில் கொழுப்பு மினுங்க.

"உங்க எருது வருஷம் பூரா புல்லுதான் திங்குது, பண்ணையாரே. அது இருந்த நோன்பும் உங்களுக்குத்தானா?"

"என்ன சாமி, வெவரம் இல்லாம! எருதுக்கு ஆன்மா ஏது? ஆன்மா இருந்தாத்தானே நோன்பு செல்லும்?"

சம்ஃபிரா நிமிர்ந்தாள். "அப்போ எனக்கு ஆன்மா இருக்கு. எம் மகளுக்கும் இருக்கு. அவள எருதோட சேத்து அனுப்பாதீங்க எசமான்."

மனோலாக்கே பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் இருமினார். (அவருடைய மடத்துக்கும் அடிமைகள் உண்டு.)

4

முதல் முடிவு: மனோலாக்கே கண் கலங்கி

(கலங்கவில்லை. ஏப்பம் விட்டார்.)

இரண்டாம் முடிவு: "அப்போ இவளுக்கு ஆன்மா இல்ல. என் நோன்பும் செல்லாது. வண்டிய ஓட்டு!" என்று

(இதை எழுதக் கை வரவில்லை.)

கடைசியில் ஆத்திரம் தாங்காமல், "என் சாஃப்தாவை நானே இறக்கிவிடுகிறேன்" என்று எழுதினேன். வண்டியிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க சாஃப்தாவா? நீங்க எப்போ வாங்கினீங்க?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வண்டி இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை.