பாக்கியம் மாமியின் எண்ணெய்ப் புட்டி

1

இந்தக் கதை எனக்கு ஓர் எண்ணெய்ப் புட்டியிலிருந்து கிடைத்தது. மட்டாஞ்சேரியில் பாக்கியலக்ஷ்மி மாமி காய்ச்சி விற்கும் தலை எண்ணெய். நான் வாங்கிய புட்டியின் லேபிளில் இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலோடு நிற்பது மாமியேதான். இன்று கடையில் உட்கார்ந்திருக்கும் மாமிக்கு உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. முக்காடு கிடையாது.

முதல் தொடக்கம்: 'விதி சிரித்தது, ஏனென்றால்—'

[அடித்துவிட்டேன். விதிக்கு வேறு வேலையில்லையா?]

2

கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். சில முடி உதிர்வில் வேர் உயிரோடிருக்கும், திரும்ப முளைக்கலாம். வேறு சிலதில் வேர் இருந்த இடமே வடுவாகிவிடும். அங்கே எண்ணெய் ஊற்றுவது சிமென்ட் தரையில் விதைப்பதுதான். தீக்காயம், முற்றிய தொற்று, வருஷக்கணக்கில் இழுத்துக் கட்டிய கொண்டை* என்று காரணங்கள் பல. மாமிக்கு வந்தது, உடம்பின் காவல்படையே முடிவேரை எதிரியென்று தாக்கும் வகை. அரிப்பும் எரிச்சலுமாகத் தொடங்கியது. மாமி தன் எண்ணெயையே ஒரு வருஷம் தேய்த்தாள். பிறகுதான் டாக்டர், துளி தோல் வெட்டிச் சோதித்துவிட்டுச் சொன்னார்: போனது போனதுதான், மருந்து மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கும்.

(*ஆரம்பத்திலேயே தளர்த்தினால் முடி திரும்பும். நடனமாடும் வாசகிகள் கோபிக்க வேண்டாம்.)

3

இங்கே மாமியை விக் வாங்க வைத்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவளிடமே படித்துக் காட்டினேன்.

"எந்துக்கு இந்தப் பொய்? தலை என்னோடதாக்கும். நடந்ததை எழுதுங்கோ."

நடந்தது இது. பக்கத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து ஓர் இளம்பெண் வந்து மூன்று பெரிய புட்டி கேட்டாள். மாமி அவள் வகிட்டை விலக்கி மொபைல் டார்ச்சை அடித்தாள்.

"அரிக்கறதா?"

"எரியறது மாமி."

"தோல் மினுங்கறது, முடித் துவாரமே காணலை. இது என் எண்ணெய்க்கு அடங்காது, கேட்டியா? தோல் டாக்டரைப் பாரு. நான் ஒரு வருஷம் வெறுதே களைஞ்சேன், அத்தனையும் வீணாப் போச்சு. நீ களையாதே."

புட்டிகள் அலமாரிக்குத் திரும்பின. பின்னால் நின்ற இரண்டு பேரும் வாங்காமலே நழுவினார்கள். மாமிக்குச் சோறு போடுவது அந்த எண்ணெய்தான். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

4

முடிவு ஒன்று: கடை மூடப்படுகிறது. முடிவு இரண்டு: நேர்மை ஊரெல்லாம் பரவி, சந்து கொள்ளாத கூட்டம்— [ரொம்பத் தித்திப்பு.]

கடை திறந்துதான் இருக்கிறது, வியாபாரம் பாதி. இப்போது லேபிளில் பின்னல் போய், மாமியின் உச்சந்தலை வந்திருக்கிறது. அடியில்: 'இப்படி இருந்தால் வாங்க வேண்டாம்.' என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அந்தப் பெண் டாக்டரிடம் போனாளா? மாமிக்குத் தெரியாது. தினமும் வாசலைப் பார்க்கிறாள்.

சுள்ளிக்கல் பெண்ணே, முடிவு உன்னிடம் இருக்கிறது. போயிருந்தால் மாமியிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லு. போகவில்லையென்றால் இன்னும் முடி மிச்சமிருக்கிறது. நாளைக் காலையே போ.