காத்து வைத்த புகார்

கிளென் டார்வரை ஒழித்துக்கட்ட கொரின் வாஸ்கோவுக்குக் கடைசியில் ஒரு வழி கிடைத்தது. அதுவும் சட்டமே கையில் கொடுத்த வழி. ஓஹியோவில் கால் டாக்டராக உரிமம் வாங்கிய ஒருவருக்கு, இன்னொரு கால் டாக்டர் போதையோடு நோயாளியைத் தொடுகிறார் என்று தெரிந்தால், மருத்துவ வாரியத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இடமே கிடையாது. சொல்லாமல் விட்டால் சொல்லாதவர் மேலும் நடவடிக்கை வரும்.

இதே சட்டத்தை வைத்துத்தான் கிளென் ஒரு காலத்தில் அவளைச் சாய்த்தான். அப்போது இருவரும் ஒரே கிளினிக்கில் பங்காளிகள். கார் விபத்தில் இடுப்பு அடிபட்டு, வலிக்கு மாத்திரை போடப் போய், வலி போன பிறகும் கொரினால் அதை விட முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள். தானாகவே சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் வாரியம் பெயரை வெளியே விடாது, புகாரும் தேவையில்லை. திங்கட்கிழமை என்னைக் கொண்டு போய்ச் சேர்த்துவிடுகிறாயா என்று கேட்டாள். அவள் தோளைத் தட்டிக் கொடுத்து, கட்டாயம் வருகிறேன் என்றான் கிளென். திங்கட்கிழமை அவன் வரவில்லை. அவன் கொடுத்த புகார்தான் வந்தது, "மிகுந்த வருத்தத்துடன்" என்று ஆரம்பித்து.

அவன் செய்ததில் சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். உரிமம் முடக்கப்பட்டது. தினமும் காலையில் வாரியத்துக்கு போன் போட்டு, இன்றைக்கு உன் முறை என்றால் ஓடிப் போய், வேறொரு பெண் பார்த்துக்கொண்டு நிற்க, சிறு பிளாஸ்டிக் கப்பில் சிறுநீர் பிடித்துக் கொடுத்தாள். இன்றைக்கும் அவள் பெயரைக் கூகுளில் தட்டினால் படிப்புக்கு முன்னால் அந்தத் தண்டனைதான் வந்து நிற்கும். அவள் திரும்பி வந்தபோது கிளினிக் பலகையில் அவன் பெயர் மட்டும் பளபளவென்று இருந்தது. தெருவின் மறுகோடியில், ஒரு பழைய சலவைக்கடையை வாடகைக்குப் பிடித்து, அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாத்திரையை அதற்குப் பிறகு கையால் தொடவில்லை. கிளென் டார்வரை மட்டும் மனதிலிருந்து ஒரு நாளும் இறக்கி வைக்கவில்லை.

பல வருடம் கழித்து ஒரு வசந்த காலத்தில் லவோன் அவளைத் தேடி வந்தாள். ஊரில் இருக்கிற ஒரே அறுவைச் சிகிச்சை மையத்தில் லவோன் நர்ஸ். கிளென், கொரின் இருவருக்குமே அவள்தான் கருவி எடுத்துக் கொடுப்பாள். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். கிளெனுக்குப் பேச்சு குழறுகிறது, தையல் போடும்போதே கண் சொக்குகிறது, வலது காலா இடது காலா என்று தன்னிடமே கேட்கிறான் என்றாள். தான் போய்ச் சொன்னால் வேலைக்கு உலை வைத்துவிடுவான், நர்ஸ் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள் என்று அழாத குறை.

"நீ வாயத் தொறக்காத லவோன். என்கிட்ட விட்டுட்ட இல்ல? நான் பாத்துக்கறேன்."

சும்மா சொல்லவில்லை. அடுத்த வாரமே மையத்தின் நடையில் கிளெனை நேருக்கு நேர் பார்த்தாள். சுவரில் கை ஊன்றி நின்றான். வலி மாத்திரை ஏறினால் நல்ல வெளிச்சத்திலும் மங்கிய வெளிச்சத்திலும் ஒரே மாதிரி சுருங்கிக் கிடக்கும் அந்தக் கண்மணி அவளுக்குத் தெரியாததா? தன் கண்ணாடியில் பார்த்துப் பழகியதுதானே. "என்ன கொரின், நல்லா இருக்கியா?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறேன் என்றாள். உண்மையிலேயே அப்போதுதான் நன்றாக இருந்தாள். உள்ளே பாயசம் வைத்துக் குடித்த மாதிரி இருந்தது.

அன்றைக்கே புகார் கொடுத்திருக்கலாம். கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ஊர் கவனிக்காத ஒரு ஏப்ரல் மாதத்தில், கிளென் டார்வர் விடுப்பில் போயிருக்கிறார் என்று கிளினிக் வாசலில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அவ்வளவுதான். அவளுக்கு அது போதவில்லை. இலையுதிர் காலத்தில் மாநிலக் கால் டாக்டர்கள் சங்க விருந்தில், ஆண்டின் சிறந்த மருத்துவர் என்று அவனை மேடையேற்றப் போவதாகப் பேச்சு. கோட்டு சூட்டோடு, மனைவியோடு, கூட்டத்தின் முன்னால் அவன் நிற்கிற அந்த வாரம் வாரியத்தின் ஆள் வந்து உரிமத்தைக் கேட்க வேண்டும். தனக்கு நடந்தது ஒரு கிளினிக்குள் நடந்தது. அவனுக்கு மாநிலத்தின் முன்னால் நடக்க வேண்டும். விருந்துக்கென்று பச்சை நிறத்தில் ஒரு கவுன்கூட வாங்கி வைத்தாள்.

ஆகஸ்டில் ஒரு வாரம் தங்கையோடு ஏரிக்கரைக்குப் போனாள். ஊரில் கால் டாக்டர்கள் இரண்டே பேர். முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும், ஒருவர் வெளியூர் போனால் அவருடைய நோயாளிகளை மற்றவர் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இல்லாவிட்டால் அறுவை மையம் இருவரையுமே உள்ளே விடாது. ஆகவே அந்த வாரம் அவளுடைய நோயாளிகள் கிளென் பொறுப்பு.

சனிக்கிழமை ஜோஸி ஹோசெவாரிடமிருந்து அவள் கைபேசிக்கு போன் வந்தது. அவள் கணவர் ஆல்பின் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் இரண்டு பாதமும் மரத்துவிட்டன. ஆணி குத்தினாலும் தெரியாது. அப்படியும் ஞாயிறு தவறாமல் ஸ்லோவேனியர் சமூக மன்றத்தில் அக்கார்டியன் சத்தம் கேட்டால் ஜோஸியை இழுத்துக்கொண்டு போல்கா நடனம் ஆட இறங்கிவிடுவார். அந்தப் பாதங்களைக் கொரின்தான் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தாள். தோட்டத்துத் தக்காளியை அவள் மேசையில் குவிக்காமல் அவர் ஒரு கோடையும் விட்டதில்லை.

"அவரு சுண்டுவிரல் நகத்தோரம் சீழ் வச்சிருக்கு டாக்டர். உங்க கிளினிக் போன்ல டார்வர் டாக்டரப் பாக்கச் சொல்லுது. போகலாமா?"

அவனிடம் போகாதீர்கள், க்ளீவ்லேண்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏன் என்று ஜோஸி கேட்பாள். ஜோஸிக்கு ஓட்டை வாய். ஞாயிற்றுக்கிழமை மன்றம் முழுக்கப் பரவிவிடும். கிளென் காதுக்குப் போனால் போதும், அவனே ஓடிப் போய் ரகசியமாகச் சிகிச்சையில் சேர்ந்துகொள்வான். பெயர் வெளியே வராது. மேடையும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. இத்தனை மாதம் அவள் அடைகாத்தது கூமுட்டையாகிவிடும்.

"போங்க ஜோஸி. சின்ன விஷயந்தானே," என்றாள்.

திரும்பி வந்த அன்று ஆல்பினை வரச் சொல்லி, மடியில் துண்டை விரித்துப் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டைப் பிரித்தாள். டார்வர் வெட்டி எடுத்துக் கட்டுப் போட்டார், அடுத்த புதன் வரை பிரிக்கக் கூடாது என்றார், வலியே இல்லை என்று ஆல்பின் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி பிரிக்கும்போதே வாடை வந்துவிட்டது. கடைசிச் சுற்றை எடுத்தபோது சுண்டுவிரல் கரிக்கட்டையாக இருந்தது. பக்கத்து விரலும் கருத்து, சிவப்பு புறங்காலில் ஏறியிருந்தது. விரலின் அடியில், சதைக்குள் புதைந்து, ஒரு ரப்பர் வளையம்.

விரலில் கத்தி வைக்கும்போது ரத்தம் வராமலிருக்க அந்த வளையத்தை மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் கட்டுப் போடுவதற்கு முன்னால் கழற்ற வேண்டும். முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூட மறக்காது. கிளென் மறந்துவிட்டு மேலே கட்டியிருந்தான். மற்றவராக இருந்தால் அன்று ராத்திரியே வலி தாங்காமல் கத்தியிருப்பார். ஆல்பினுக்கு வலி தெரியாது.

அந்த வளையத்தைப் பார்த்ததும் கொரின் மனதில் முதலில் வந்தது என்ன என்பதை மறைத்துப் பயனில்லை. செத்தான் கிளென், இனி தப்பவே முடியாது என்ற சந்தோஷம்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் ஆல்பின் முகத்தைப் பார்த்தாள். என்ன டாக்டரம்மா, நல்லா ஆறியிருக்கா என்று அவர் கேட்டார். அப்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

க்ளீவ்லேண்டில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். கொரின் அன்றைக்கே புகாரைக் கொடுத்தாள். கிளென் நிலைமை இந்த வாரம்தான் எனக்குத் தெரியவந்தது என்று கூசாமல் எழுதினாள். சேதி கேட்டு லவோன் போன் போட்டாள். திட்டவில்லை, கத்தவில்லை.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களே டாக்டர்," என்றாள். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள்.

கிளெனின் உரிமம் முடங்கியது. விருந்தில் வேறு யாருக்கோ விருது கொடுத்தார்கள். பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கொரின் காதில் விழுந்ததெல்லாம், பாவம் கிளென், எவ்வளவு வேலைப்பளு, அதுவும் ஒரு நோய்தானே என்ற பேச்சுதான். அவளுக்கு வந்தபோது அது நோய் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தட்டிலிருந்த மீன் ஆறிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தாள். தனக்கு இனிக்க வேண்டியதெல்லாம் எங்கே போயிற்று என்று வண்டியோட்டிக்கொண்டே அழுதாள். அந்த அழுகையில் ஆல்பினும் இருந்தார். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பங்கு, கிளென் அவள் நினைத்தபடி விழாமல் போனதற்குத்தான்.

முதல் பனி விழுந்த வாரம் ஆல்பின் கட்டு மாற்ற வந்தார். கையில் இரண்டு ஊன்றுகோல். ஜோஸி வெளியே காரிலேயே இருந்துவிட்டாள், உள்ளே வர மாட்டேன் என்றாளாம். இந்த வருடம் தக்காளியும் வரவில்லை. கொரின் வழக்கம் போல மடியில் துண்டை விரித்து, அந்தப் பாதிப் பாதத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். புண்ணைக் கழுவினாள்.

"லவோன் மன்றத்துக்கு வந்திருந்தா," என்றார் ஆல்பின். "ஏப்ரல்லயே உங்களுக்குத் தெரியும்கறா. அவ பொய் சொல்றாளா டாக்டரம்மா?"

ஆமாம், பொய் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நர்ஸின் பேச்சு, ஒரு டாக்டரின் பேச்சு. வாரியம் எதை நம்பும் என்று அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் இரண்டாவது தடவையாக உரிமம் போகும். பொய்யான வாக்குமூலம் வேறு சேர்ந்துகொள்ளும். இந்த வயதில் மூன்றாவது முறை ஆரம்பிக்க இன்னொரு சலவைக்கடை கிடைக்காது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் அவள் பார்த்த அதே முகம், நம்பிக் கெட்டவரின் முகம். அந்த முகத்திடம் பொய் எடுபடாது என்று அவளை விட யாருக்குத் தெரியும்?

"தெரியும்," என்றாள்.

"ஜோஸி போன் பண்ணினப்பவும்?"

"அப்பவும் தெரியும். பெரிய மேடையில வச்சு அவன் விழணும்னு காத்திருந்தேன். உங்ககிட்ட சொன்னா முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிடும்னு..."

ஆல்பின் தலையை ஆட்டிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே காரில் ஜோஸி கைகளை ஊதிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அவன் மேல எனக்குக்கூட அவ்வளவு கோபமில்ல. அவனுக்குக் கண்ணு தெரியல, மூளை வேலை செய்யல. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சே என் காலத் தூக்கி அவன் கையில குடுத்தீங்க."

கொரின் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கட்டப் போட்டு முடிங்க. நல்லாப் போடுங்க, இந்த ஊர்ல இப்ப வேற கால் டாக்டர் கிடையாது." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "உங்கள மாதிரி நான் நாள் பாத்துக் காத்திருக்கப் போறதில்ல. அந்த வாரியத்து நம்பர் என்ன?"

அவளுக்கு அந்த நம்பர் மனப்பாடம். சிறுநீர் கொடுக்கும் முறை வந்ததா என்று காலைதோறும் அடித்த நம்பர். ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகச் சொன்னாள். தடித்த விரலால் அவர் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டார். கொரின் பஞ்சை வைத்து, துணியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஒரு டாக்டர் மேல புகார் குடுக்கணும்மா," என்றார் ஆல்பின். "பேரு கொரின் வாஸ்கோ. ஆமா, என் டாக்டர்தான். இல்லம்மா, பக்கத்துலதான் இருக்காங்க. என் கால் அவங்க மடியிலதான் இருக்கு."