இரண்டு ஜோடி செருப்பு

அண்ணி எட்டுத் தம்ளரில் தேநீர் ஊற்றி வைத்தாள். ஆறுதான் காலியானது.

கடலைப் பார்த்தபடி ஓலைக்கூரை போட்ட நாலு அறைகள், இரண்டு படகுகள்; குடும்பத்தின் பிழைப்பு அதில்தான். படகுக்காரக் கணவனின் தம்பி அவளை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு, வந்து தங்குகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள், எழுபது வயதுக்காரர்கள் உட்பட. அவளும் வேண்டாமென்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது மணல்திட்டைத்தான். தண்ணீர் வற்றும்போது நடுக்கடலில் வெள்ளை வெளேரென்று எழும்பும். நாலைந்து மணி நேரம் அதில் சிப்பி பொறுக்கலாம், முழங்கால் தண்ணீரில் மல்லாந்து கிடக்கலாம். பிறகு தண்ணீர் ஏறும், திட்டு இருந்த இடம் தெரியாது. அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. அதையும் ஒரு சிறப்பாகச் சொல்லிப் பீற்றிக்கொள்வான் படகுக்காரன்.

அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு படகு ஓட்டினார்கள். யார் யாரைக் கூட்டிவந்தது என்று ஒருவரையொருவர் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். அதனால் செருப்பை நம்பினார்கள். படகில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கரையில் படகு கட்டும் கட்டையோரம் கழற்றிவிட வேண்டும். அங்கே செருப்பு கிடந்தால் திட்டில் ஆள் இருக்கிறது, இல்லையென்றால் எல்லாரும் வந்தாயிற்று. ஒன்பது வருடமாக ஒரு பிசகும் வந்ததில்லை.

ஆறிப்போன இரண்டு தம்ளரும் கடைசி அறைக்காரர்களுடையவை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சாரும் டீச்சரும். தூங்குகிறார்களோ என்று அண்ணி போய்ப் பார்த்தாள். கதவில் பூட்டு தொங்கியது.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மதியம் காற்று கிளம்பி, அலை கட்டைவரை ஏறி வந்து நுரை தள்ளியது. மற்றவர்களுடையது எல்லாம் ரப்பர் செருப்பு. இவர்கள் இருவருடையது மட்டும் புதுத் தோல். பாவம், நனைந்து வீணாகிவிடுமே என்று அந்த இரண்டு ஜோடியையும் எடுத்துவந்து சமையலறை ஜன்னலில் வைத்தது அவள்தான். வைத்தவள் யாரிடமும் சொல்லவில்லை.

கொழுந்தன் கரையில் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சிரைக்க ஓடினாள்.

"தம்பி, கடைசி ரூம் சாரும் டீச்சரும் எந்தப் படகுல வந்தாங்க?"

"அண்ணன் படகுல."

"நீ பார்த்தியா?"

"பார்க்கலை அண்ணி. நான் போனப்ப திட்டுல இந்தப் பக்க முனையில ஆறு பேர் நின்னாங்க, ஏத்திட்டு வந்தேன். அவங்க இறங்கி செருப்பை மாட்டினதும் கட்டைகிட்ட ஒண்ணும் மிச்சமில்லை. சரி, அண்ணன் முன்னாடியே கூட்டிட்டு வந்துட்டார்னு..."

சத்தம் கேட்டு வந்த படகுக்காரன் பாதியிலேயே நின்றான். "நான் காலையில கொண்டு விட்டதோட சரி."

மூவரும் கடலைப் பார்த்தார்கள். வெள்ளைக் கோடு இல்லை.

"தலையை எண்ணத் தெரியாதாடா உனக்கு?"

"செருப்பு இல்லைண்ணே. சத்தியமா இல்லை."

முதலில் அவர்கள் கிடைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணி நினைத்தாள். அது சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது.

படகைத் தள்ளும்போது அவளும் தொற்றி ஏறினாள். "நீ எதுக்கு?" என்றான் கணவன். சாருக்கு நீச்சல் தெரியாது. காலையில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். போகும் வழியெல்லாம் தம்பியை அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டு ஒவ்வொன்றும் தனக்கு விழவேண்டியது என்று அவள் குறுகி உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ முறை போன வழிதான், இன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது.

"அதோ," என்றான் கொழுந்தன்.

திட்டின் மேடான முனையில் இரண்டு தலைகள். தண்ணீர் நெஞ்சளவு. டீச்சர் தன் துப்பட்டாவால் கணவரின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்து முடிந்திருந்தாள். சாரைத் தூக்கிப் படகில் போட்டபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் மூச்சு வந்தது, கண் திறந்தது. அண்ணி வாய்விட்டு அழுதாள்.

படகு திரும்பியது. டீச்சர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க அண்ணி. சார்தான் ரொம்பப் பயந்துட்டார். நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், நம்ம செருப்பு கரையில கிடக்குங்க, அதைப் பார்த்ததும் ஓடி வந்துடுவாங்கன்னு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவரை நிக்க வச்சேன்."

படகுக்காரன் தம்பியை முறைத்தான். தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"செருப்பை நான்தான் எடுத்து உள்ள வச்சேன் டீச்சர்," என்றாள் அண்ணி. "நனைஞ்சிடுமேன்னு எடுத்தேன். தம்பி மேல தப்பில்லை."

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையை எடுத்துக்கொண்டு, கணவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.