இரண்டு கிலோமீட்டர் வட்டம்

அத்தான் வீட்டுச் செருப்போடு வெளியே போய் இரண்டு இரவுகள் ஆகிவிட்டன. நினைவு தப்ப ஆரம்பித்ததிலிருந்து அக்கா கதவைப் பூட்டியே வைத்திருப்பாள். அன்று மறந்துவிட்டாள்.

தேடும் குழுவுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது தம்பியின் வேலை. "உலகத்தையே இஸ்திரி போடுறான் என் மச்சினன்" என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வேலை.

"எவ்வளவு தூரம் நடப்பாரும்மா?" என்று குழுத் தலைவர் கேட்டிருந்தார்.

"ரெண்டு கிலோமீட்டர். முட்டி விடாது" என்றாள் அக்கா.

வீட்டை நடுவில் வைத்துத் தம்பி வட்டம் போட்டான். அதற்குள் ஒரு கொட்டகை விடாமல் சலித்துவிட்டார்கள்.

"உள்ள இல்லப்பா. இனி ஆத்துலதான் பாக்கணும்." தலைவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆற்றுக்காகத் திரையை நகர்த்தியபோது மூலையிலிருந்த அளவுகோல் கண்ணில் பட்டது. ஒரு கிலோமீட்டர் என்று காட்டும் சிறு கோடு. நடுவிலிருந்து வட்டத்தின் விளிம்பு வரைக்கும் அதே நீளம்தான்; இரண்டு மடங்கு இருந்திருக்க வேண்டும்.

போன மாதம், வரைபடம் போடும் நிரலில் இருந்த மென்பொருள் லைப்ரரியை மாற்றியிருந்தான். பழையது தரையின் மீட்டரை வாங்கிக்கொள்ளும். புதியதற்குப் படத்தின் மீட்டர் வேண்டும். உருண்டையைத் தட்டையாக்கினால் வடக்கே போகப் போகத் தரை இழுபடும். பூமியின் வடகோடியை ஒட்டி, அவர்கள் குடியேறியிருந்த இந்த ஊரில் தரையின் ஒரு மீட்டர் படத்தில் இரண்டு. கணக்கை மாற்றாமல், கை பழக்கத்தில், நாலாயிரம் என்று அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டாயிரம் என்று அடித்திருந்தான்.

"நான் போட்ட வட்டம் பாதிதான் சார்."

தலைவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

அவன் போட்டிருந்த வட்டத்தின் விளிம்புக்குச் சற்று அப்பால், பூட்டிக் கிடந்த பம்ப் அறையின் சுவரோரம் அத்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி, வீட்டு வாசலில் விடுவதுபோல ஜோடியாக வைத்திருந்தார்.

"இன்னிக்கு விடியக்காலைலதான் உயிர் போயிருக்கணும்" என்றார் மருத்துவர்.

அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"ரொம்ப தூரம் போயிட்டாராடா? ரெண்டுன்னு நான்தானே சொன்னேன். பாவி, இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்."

"இல்லக்கா. நீ சொன்னதுக்குள்ளதான் இருந்தாரு."

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு கணம் பாரம் இறங்கியது.

"அப்ப ஏன்டா அங்க யாருமே போகல?"