மாத்திரைக்குப் பின் வரும் டீ

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று டிப்போவில் எல்லாருக்கும் தெரியும். பஸ் ஓட்டுகிறவள் கோபப்படாமல் எங்கள் ஊர்க் கடைத்தெருவைக் கடக்க முடியாது. ஆனால் அந்த மாதங்களில் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. ரத்தம் குறைந்துபோய், உட்கார்ந்தால் கண் செருகியது. லீவில் வீட்டு ஜன்னலோரம் சாய்ந்து பார்ப்பேன். பஸ்கள் சத்தமே இல்லாமல் மிதந்து போகும். நடந்துபோகும் ஆட்கள் மழை வழியும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் கலங்கித் தெரிவார்கள். பொய் சொல்வானேன், அது சுகமாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது. ரத்த அளவு ஏறாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான், டிக்கெட் கவுண்டரில்தான் வேலை என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் என் வீட்டுக்காரர் அதைத் தட்டில் வைத்து, பக்கத்தில் சுடச்சுட க்ரீன் டீயை வைப்பார். லாண்டரியில் ஓட்டல் துணிகளைத் தேய்க்கிற வேலை அவருக்கு. நாளெல்லாம் ஆவியில் நின்றது போதாதென்று வீட்டிலும் ஆவி.

"குடி, டிரைவரம்மா. இதயத்துக்கு நல்லது. கொழுப்பக் கரைக்கும். மனசு அமைதியாகும்."

"எனக்கு மனசு அமைதியாயிட்டா அப்புறம் ஹாரன் அடிக்கறது யாரு?"

கசப்பு குடலைப் பிடுங்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. மாத்திரையை வாயில் போட்டு, டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வேன். எங்கள் தொழிலில் வந்த பழக்கம் அது. வண்டி எடுப்பதற்குள் சாப்பாடு, மருந்து, டீ எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போய்விட வேண்டும்.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இம்மியும் ஏறவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரைய எப்படிச் சாப்பிடுறீங்க?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "க்ரீன் டீயிலதான் டாக்டர். நானே போட்டுக் குடுக்கறேன். ஒருநாள்கூட விட்டதில்ல." அவ்வளவு பெருமை அவருக்கு.

"அந்த டீ கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். அளவா குடிச்சா நல்லதுதான், கொழுப்புகூடக் கொஞ்சம் குறையலாம். ராத்திரி குடிச்சா தூக்கம் கெடும், வெறும் வயித்துல சிலருக்கு எரியும். ஆனா உங்க விஷயம் வேற. மாத்திரையோட சேர்த்துக் குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது. மாத்திரைய தண்ணியில போடுங்க. டீ ரெண்டு மணி நேரம் கழிச்சு."

ஒருமுறை என் வீட்டுக்காரர் லாண்டரியில் யாருடைய கல்யாணக் கோட்டு ஒன்றையோ கருக்கிவிட்டு வந்தார். அன்றுகூட அவர் முகம் அப்படிச் செத்துப்போகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மெல்லச் சொன்னார். "உன் வண்டிய நான்தானே பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன்."

"குடிச்சவ நான்தானே. விடுங்க."

அவர் விடவில்லை. டீ டப்பா பரண் ஏறியது. காலையில் மாத்திரையும் தண்ணீரும் மட்டும் வந்தன. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நிற்பார். காலையே மொட்டையாக இருந்தது. அந்தக் கசப்பையா நான் தேடினேன்? சீ. ஆனால் தேடினேன்.

வாரங்கள் போகப் போக, மிதந்த பஸ்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. தெருவின் இரைச்சல் காதுக்குத் திரும்பியது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை வாசலை அடைத்து நிறுத்தினார். நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் உள்ளிருந்து ஓடிவந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஏறிடுச்சு," என்றார்.

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது.

வேலைக்குத் திரும்பிய அன்று, மாத்திரையைப் போடவைத்துவிட்டு, நான் கிளம்புவதற்குள் அவர் லாண்டரிக்குப் போய்விட்டார். வழியனுப்பக்கூட நேரமில்லையா என்று கருவிக்கொண்டே வண்டி எடுத்தேன். விடிந்தும் விடியாத பனியில் தெரு கரைந்து கிடந்தது. இந்த முறை அது வெறும் பனிதான்.

இரண்டாவது நடையில், லாண்டரி நிறுத்தத்து வரிசையில் அவர் நின்றிருந்தார், கையில் ஃபிளாஸ்க்கோடு. படியேறி, மூடியில் ஊற்றி நீட்டினார்.

"ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு."

வழக்கம்போல ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்ளப் போனேன்.

"மெதுவா," என்றார்.

மெதுவாகக் குடித்தேன். கசந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.